டிப்போர்ட் பண்ணணும்னு கவர்மென்ட் முடிவு பண்ணிட்டா வக்கீலால என்னதான் பண்ண முடியும்?

கேள்வி இதான்: அகதி மனுவோ விசாவோ ரிஜெக்ட் ஆயிடுச்சு, ஆள வெளிய அனுப்பப் போறோம்னு லெட்டர் வந்துடுச்சு, அதுக்கப்புறம் இமிக்ரேஷன் வக்கீலுக்கு காசு கொட்டுறது வேஸ்ட் தானே, கவர்மென்ட்ட மீறி கோர்ட் என்ன பண்ணிடப் போகுது, இதுவரைக்கும் யாராச்சும் ஜெயிச்சிருக்காங்களா, கன்சல்டன்ட் போதாதா?

ஜெயிச்சிருக்காங்க. அதுவும் நம்மாளுங்க நெறைய பேரு. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கான்னு எந்த நாட்டு அகதிச் சட்டத்த எடுத்தாலும் அதுல ஒரு தமிழ் ஆளோட கேஸ் கண்டிப்பா இருக்கும். சிலது ஜெயிச்ச கேஸ், சிலது மோசமா தோத்த கேஸ். நான் வக்கீல் இல்ல, ஆனா வக்கீல் ஆபீஸ்ல இந்த மாதிரி ஃபைல்களோடயே பல வருஷமா குடித்தனம் நடத்துறவன், அதனால கொஞ்சம் நீட்டிதான் சொல்லப் போறேன், பொறுமை இருக்கவங்க படிங்க.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். "இவர் இந்த நாட்டுல இருக்கலாம்"னு கோர்ட் நேரடியா சொல்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். கோர்ட் கேக்குற கேள்வியே வேற: அந்த ஆபீசர் முடிவெடுத்த விதம் நியாயமா இருந்துச்சா, இந்த ஆள் சொன்னத காது குடுத்து கேட்டாரா, குடுத்த பேப்பர படிச்சாரா, காரணம் சொன்னாரா, அந்தக் காரணம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதா? ஒட்டலன்னா முடிவ ரத்து பண்ணி, வேற ஆபீசர்கிட்ட குடுத்து மறுபடி பாருங்கன்னு திருப்பி அனுப்பும். அவ்ளோதான். "அட, மறுபடி அதே டிபார்ட்மென்ட்டுக்கேவா?"ன்னு எல்லாரும் கேப்பாங்க. ஆமா, அங்கயேதான். ஆனா இந்த ரெண்டாவது வாட்டிங்கிறதுல எத்தன குடும்பம் நிமிர்ந்திருக்குன்னு உள்ள இருந்து பாக்குறவங்களுக்குத்தான் தெரியும்.

கனடாவுல அகதி மனு போட்டவர் மனுவ விசாரிக்கிற அகதி போர்டோட மெம்பர் ஒருத்தர் முன்னாடி உக்காந்து தன் கதைய வாயால சொல்றாருல்ல, அது ஏதோ ஆதிகாலத்துலருந்து இருக்கிற வழக்கம்னு பலர் நெனைக்கிறாங்க. 1985க்கு முன்னாடி அப்படி எல்லாருக்கும் கட்டாயமா கிடையாது. ஒரு ஆபீசர் சத்தியம் வாங்கிட்டு கேள்வி கேப்பாரு, அத டைப் பண்ணுவாங்க, அந்த டைப் அடிச்ச பேப்பர ஒரு கமிட்டி படிக்கும், மினிஸ்டர் பேர்ல முடிவு வரும். முடிவெடுத்தவங்க யாரும் அந்த ஆள் மூஞ்சியவே பாத்திருக்க மாட்டாங்க, ஆனா "இவர் சொல்றது நம்புற மாதிரி இல்ல"ன்னு எழுதி அனுப்புவாங்க. இத எதிர்த்து ஏழு பேர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, பெரும்பாலும் இந்தியாவுலருந்து போன சீக்கியர்கள், சிங் வழக்குன்னு பேரு. 1985 ஏப்ரல் 4ல தீர்ப்பு. கனடாவோட உரிமை சாசனத்துல "ஒவ்வொருவருக்கும்"னு எழுதியிருக்கு, சிட்டிசனுக்கு மட்டும்னு எழுதல, அதனால கனடா மண்ணுல கால் வச்சு நிக்கிற யாரா இருந்தாலும் அதுல சேத்தின்னு ஜட்ஜ் பெர்த்தா வில்சன் எழுதினாங்க. ஒருத்தரோட நம்பகத்தன்மை பத்தி கேள்வி வந்தா அவர நேர்ல கேட்டுத்தான் முடிவு பண்ணணும்னும் சொன்னாங்க. கவர்மென்ட் தரப்புல "அத்தன பேருக்கும் நேர்ல விசாரணை வச்சா செலவு தாங்காது, வேலை நடக்காது"ன்னு வாதம் வச்சாங்க, அதுக்கு வில்சன் குடுத்த பதிலோட சாரம், நிர்வாகத்துக்கு வசதியா இல்லைங்கிறதுக்காக உரிமைய தூக்கிப் போட முடியும்னா அப்புறம் சாசனம்னு ஒண்ணு இருந்து என்ன பிரயோஜனம்ங்கிறதுதான். இதுல வேடிக்கை என்னன்னா ஆறு ஜட்ஜ்ல மூணு பேர்தான் சாசனத்த வச்சு எழுதினாங்க, மத்த மூணு பேர் பழைய உரிமைச் சட்டம் ஒண்ண வச்சு அதே முடிவுக்கு வந்தாங்க. பாதி பாதி. ஆனா அந்தப் பாதிதான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுறது. 1989 ஜனவரி 1லருந்து தனி போர்டே வந்துச்சு. ஏப்ரல் 4 கனடாவுல அகதி உரிமை நாளா கொண்டாடுறாங்க.

இந்த தீர்ப்பு வந்த அடுத்த வருஷமே, 1986 ஆகஸ்ட்ல, நியூஃபவுண்ட்லாந்து கடல்ல ரெண்டு லைஃப்போட்ல மெதந்துட்டிருந்த 155 தமிழர்கள மீன்புடிக்கிறவங்க கரை சேத்தாங்க. டொரொன்டோவுல இன்னிக்கு இருக்கிற தமிழ் சனத்துல எத்தனையோ குடும்பத்துக்கு அந்த வாய்மொழி விசாரணைதான் வாசல் கதவு. அத தொறந்தது நம்மாளுங்க இல்ல, யாரோ ஏழு பேர். நம்மூரு மேடையில இத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு கொஞ்சம் வருத்தம் உண்டு.

அப்புறம் 2010 ஆகஸ்ட்ல தமிழ் அகதிங்கள ஏத்திட்டு கனடா வந்த சன் சீ கப்பல், 492 பேர். அதுக்கு முந்தின வருஷம் ஓஷன் லேடி, 76 பேர். அப்போ கவர்மென்ட் புடிச்ச பாயிண்ட் கொஞ்சம் தந்திரமானது. "இவங்க அகதியா இல்லையா"ங்கிற கேள்விக்கே போகாம, கப்பல்ல ஏதாச்சும் ஒரு வேலை செஞ்சவங்கள எல்லாம் ஆள் கடத்தலுக்கு ஒத்தாசை பண்ணவங்கன்னு சொல்லி அகதி விசாரணைக்கே தகுதி இல்லாம ஆக்கப் பாத்தாங்க. அந்த வேலை என்னன்னு கேட்டா சிரிப்பு வரும், அழுகையும் வரும். கேஸ்ல பி010ன்னு குறிப்பிடுற ஒருத்தர் எஞ்சின் ரூம்ல ஒரு நாளைக்கு ரெண்டு ஷிஃப்ட் நின்னு சூடு எவ்ளோ, தண்ணி எவ்ளோ, ஆயில் எவ்ளோன்னு பாத்துட்டிருந்தாரு. இன்னொருத்தர் சமையல் பண்ணி, பைனாகுலர வச்சு காவல் பாத்தாரு, அதுக்குக் கூலி கொஞ்சம் அதிக சாப்பாடு. தாய்லாந்து பக்கம் கப்பலோட்டிங்க எறங்கிப் போயிட்டா நடுக்கடல்ல யாராச்சும் எஞ்சின பாத்துக்கணுமா வேணாமா? 2015 நவம்பர் 27ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு தீர்ப்பு குடுத்துச்சு. ஒண்ணு, தப்பி ஓடுறப்ப ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை பண்றது ஆள் கடத்தல் ஆகாது, காசுக்காக நடக்குற கும்பல் வேலைக்குத்தான் அந்தப் பிரிவு. ரெண்டாவது தீர்ப்பு, ஆள் கடத்தல் குற்றப் பிரிவு மனிதாபிமான உதவி செய்யுறவங்களையும் சொந்த பந்தத்தையும் சேத்து வாரிப் போடுற அளவுக்கு அகலமா எழுதியிருக்கு, அந்த அளவுக்கு அது செல்லாதுன்னு. இதுலயும் கோர்ட் யாருக்கும் பி.ஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) குடுக்கல பாருங்க, "அகதி விசாரணைய ஒழுங்கா நடத்து"ங்கிறதுதான் முடிவு.

பிரிட்டன் கதை வேற மாதிரி. 1987 டிசம்பர்ல லார்ட்ஸ் சபை கோர்ட்ல (அப்போ அங்க அதான் உச்ச கோர்ட்) ஆறு தமிழர்களோட வழக்கு, சிவகுமாரன் வழக்குன்னு சொல்லுவாங்க. கீழ்க் கோர்ட்டுல "ஆளுக்கு உண்மையிலயே பயம் இருந்தா, அதுக்கு ஓரளவு அடிப்படையும் இருந்தா போதும்"ங்கிற மாதிரி இவங்களுக்கு சாதகமா வந்துச்சு. லார்ட்ஸ் அத மாத்தி, பயம் இருந்தா மட்டும் பத்தாது, ஆபத்து நெஜமா வர்றதுக்கு நியாயமான அளவு வாய்ப்பு இருக்கணும், அத வெளியில இருந்து பாத்து முடிவு பண்ணணும்னு சொல்லிட்டாங்க. தோத்தாச்சு. 1988 பிப்ரவரில திருப்பி அனுப்பினாங்க. போன எடத்துல சிலர் புடிபட்டு அடி உதை வாங்கினாங்க. ஆனா அவங்க வக்கீல்கள் விடல, ஆள் நாட்ட விட்டுப் போனதுக்கப்புறம் போடுற அப்பீல் ஒண்ணு இருந்துச்சு, அத போட்டாங்க, 1989ல அந்த அப்பீல விசாரிச்ச அதிகாரி "இவங்களுக்கு அன்னிக்கே அடைக்கலம் குடுத்திருக்கணும்"னு தீர்ப்பு எழுதினாரு, லண்டனுக்கே திரும்பி வந்தாங்க. நாட்டோட உச்ச கோர்ட்டுல தோத்த கேஸ்ல கீழ ஒரு சின்ன அப்பீல்ல ஜெயிச்சு ஆள் திரும்பி வந்த கதை இது, கேக்குறப்ப எனக்கே நம்ப முடியல. அதுக்கப்புறம் ஸ்ட்ராஸ்பர்க்ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டுக்கும் போனாங்க, 1991 அக்டோபர்ல அங்க தோத்தாங்க. இன்னொரு பக்கம் பாருங்க, இவங்களுக்கு எதிரா வந்த அந்த "நியாயமான அளவு வாய்ப்பு" அளவுகோல் அவ்ளோ கெட்டதும் இல்ல. சாதாரண சிவில் கேஸ்ல கேக்குற பாதிக்கு மேல நிரூபணம்ங்கிறத விட அது கம்மி. பின்னாடி பல நாட்டு கோர்ட்டுல, எத்தனையோ நாட்டு அகதிங்க அதப் புடிச்சுதான் ஜெயிச்சாங்க.

அந்த தமிழர் கேஸ நடத்துன சொலிசிட்டர் டேவிட் பர்ஜஸ்ங்கிற பேர்ல பிராக்டிஸ் பண்ணவங்க, பிற்பாடு சோனியா பர்ஜஸ். 1991ல ஆப்பிரிக்காவுல ஜயீர்லருந்து (இன்னிக்கு காங்கோ) வந்த ஒரு டீச்சரோட கேஸ்லயும் இவங்கதான். கோர்ட் நிறுத்தச் சொல்லியும் அந்த டீச்சர பிளேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்க, ராத்திரியில ஜட்ஜ் "திருப்பிக் கூட்டிட்டு வா"ன்னு ஆர்டர் போட்டாரு, ஹோம் செக்ரட்டரி (அங்க உள்துறை மந்திரிக்கு அதான் பேரு) கென்னத் பேக்கர் "வேணாம்"னு திருப்பிக் கூட்டிட்டு வர்ற ஏற்பாட்ட கேன்சல் பண்ணிட்டாரு. 1993ல லார்ட்ஸ் என்ன சொன்னாங்கன்னா, மினிஸ்டரா இருந்தாலும் கோர்ட் ஆர்டர மீறினா அது கோர்ட் அவமதிப்புதான். பதவியில இருக்கிற மினிஸ்டர் மேல இப்படி ஒரு தீர்ப்பு அங்க அதுக்கு முன்னாடி வந்ததில்ல. "கவர்மென்ட்ட மீறி கோர்ட் என்ன பண்ணும்"னு கேட்டீங்கல்ல, அதுக்கு நேர் பதில் இந்த கேஸ்தான்.

பிளேன்னு சொன்னதும் ஆஸ்திரேலியா பிலோயிலா குடும்பம் ஞாபகம் வருது. தமிழ் அப்பா அம்மா, அங்கயே பொறந்த ரெண்டு பொண்ணு. 2018 மார்ச்ல விடியக்காலையில வீட்டுல வந்து அள்ளிட்டுப் போனாங்க. 2019 ஆகஸ்ட் கடைசில மெல்போர்ன்ல பிளேன் ஏத்தியாச்சு, பிளேன் மேல கிளம்பியும் ஆச்சு, அந்த நேரத்துல வக்கீல்கள் ஜட்ஜுக்கு போன் போட்டு, போன்லயே தடை உத்தரவு வாங்கி, பிளேன டார்வின்ல எறக்க வச்சாங்க. எந்த அடிப்படையில? சின்னப் பொண்ணோட மனு இன்னும் யாரும் பாக்கல. பெரியவங்க கேஸ் எல்லாம் முடிஞ்சு போச்சு, எல்லா கோர்ட்டுலயும் தோத்தாச்சு, ஆனா அந்தக் குழந்தை பேர்ல ஒரு கேள்வி பாக்கி இருந்துச்சு. 2020 ஏப்ரல்ல ஃபெடரல் கோர்ட் அந்தக் குழந்தைக்கு நடைமுறை நியாயம் கெடைக்கலன்னு சொல்லுச்சு, 2021 பிப்ரவரில மேல் அமர்வும் அதயே சொல்லுச்சு. அதுவரைக்கும் கிறிஸ்துமஸ் தீவுல அடைச்சு வச்சிருந்தாங்க. சட்டம் வாங்கிக் குடுத்தது நேரம் மட்டும்தான். அந்த நேரத்துல பிலோயிலா ஊர்க்காரங்க விடாம கத்துனாங்க, ஆட்சி மாறுச்சு, 2022 ஜூன்ல வீடு திரும்பினாங்க, ஆகஸ்ட்ல நிரந்தர விசா. கேஸ்ல ஜெயிச்சதால மட்டும் இது நடக்கல, ஆனா கேஸ் இல்லன்னா 2019லயே கதை முடிஞ்சிருக்கும். வக்கீலுங்க பாஷையில "ஸ்டே வாங்கு, மத்தத அப்புறம் பாக்கலாம்".

தோத்த கேஸையும் சொல்லணும், இல்லன்னா நான் வக்கீல் ஆபீசுக்கு விளம்பரம் பண்றதா ஆயிடும். அமெரிக்காவுல 2017 பிப்ரவரில ஒரு தமிழ் விவசாயி மெக்சிகோ எல்லையத் தாண்டி 25 கஜ தூரத்துல புடிபட்டாரு. வேன்ல கடத்திட்டுப் போய் அடிச்சாங்கன்னு சொன்னாரு. விசாரிச்ச ஆபீசர் அத நம்பவும் செஞ்சாரு, ஆனா அடிச்சது யாருன்னும் எதுக்குன்னும் அவருக்கே சரியா சொல்லத் தெரியலங்கிறதால ரிஜெக்ட். வேன்ல தூக்கிட்டுப் போனவன் ஐடி கார்ட காமிச்சிட்டா அடிப்பான்? கோர்ட்டுக்குப் போகவே எனக்கு வழி குடுங்கன்னு அவர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, 2020 ஜூன்ல 7க்கு 2ன்னு தோத்தாரு. எல்லையில புடிபட்டவருக்கு காங்கிரஸ் (அமெரிக்க பார்லிமென்ட்) குடுத்த நடைமுறை எதுவோ அதான் உரிமை, அதுக்கு மேல கெடையாதுன்னு தீர்ப்பு. ஜட்ஜ் சோட்டோமேயர் மாறுபட்டு எழுதினாங்க, ஜட்ஜ் கேகன் கூட நின்னாங்க. கனடாவுல 1985ல "மண்ணுல கால் வச்சா போதும்"னு சொன்னாங்க, இங்க 25 கஜம் உள்ள வந்தும் வாசல்ல நிக்கிற மாதிரிதான்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாடும் பக்கத்து பக்கத்து நாடு. அதனால "ஃபாரின்ல இப்படித்தான்"னு யாராச்சும் பொதுவா பேசினா நம்பாதீங்க, எந்த நாடு, எந்த எடத்துல புடிபட்டாரு, எந்த தேதிங்கிறது இல்லாம பதிலே கெடையாது.

இதெல்லாம் பெரிய கோர்ட் கதை. தினப்படி வேலை வேற. வக்கீல் ஆபீஸ்ல முக்கால்வாசி நேரம் போறது தேதிக்குத்தான். நெஜமா. வர்றவர் சொல்லுவாரு "ஜெயசிக்குறு நடந்த நேரம் புடிச்சிட்டுப் போனவங்க", "சுனாமிக்கு முந்தின தைப்பொங்கலுக்கு விட்டவங்க", "ஏ9 பாதை பூட்டின பிறகு கொழும்புக்கு வந்தனான்". ஜெயசிக்குறுங்கிறது இலங்கை ராணுவ நடவடிக்கை ஒண்ணோட பேரு, ஏ9 யாழ்ப்பாணத்துக்குப் போற மெயின் ரோடு. ஃபார்ம்ல நாள், மாசம், வருஷம்னு மூணு கட்டம் இருக்கும். ஏர்போர்ட்ல தூக்கக் கலக்கத்துல ஏதோ ஒரு வருஷம் சொல்லியிருப்பாரு, வக்கீல்கிட்ட வேற வருஷம், விசாரணையில இன்னொண்ணு. ரிஜெக்ட் லெட்டர்ல "மனுதாரர் தன் கைது தேதி குறித்து முரணாகப் பேசினார், ஆகவே நம்பகமற்றவர்"னு வரும். அதனால நல்ல ஆபீஸ்ல மொத நாளே ஒரு பெரிய பேப்பர எடுத்து நடுவுல கோடு போட்டு, கோட்டுக்கு மேல ஊருக்கே தெரிஞ்ச சம்பவம் எல்லாம் எழுதிடுவாங்க: 1995 அக்டோபர் கடைசி யாழ்ப்பாண இடப்பெயர்வு, 1997 மே ஜெயசிக்குறு, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2006 ஆகஸ்ட் ஏ9 மூடினது, 2009 மே போர் முடிஞ்சது. கோட்டுக்கு கீழ இவரோட வாழ்க்கை. கல்யாணம் மேல எந்த சம்பவத்துக்கு முன்னாடி, மூத்த புள்ள பொறந்தது எதுக்குப் பின்னாடின்னு கேட்டுக் கேட்டு புள்ளி வைப்பாங்க. மூணு மணி நேரம் ஆகும், சில சமயம் ரெண்டு நாள். அந்தப் பேப்பர் முடிஞ்சா கேஸ் பாதி முடிஞ்ச மாதிரி. வக்கீல் காசுன்னு நீங்க குடுக்குறதுல பெரும்பங்கு இதுக்குத்தான் போகுது, கறுப்பு கோட்டுக்கு இல்ல.

இன்னொரு வேலை தழும்பு. பிரிட்டன்ல 2019 மார்ச்ல வந்த ஒரு தீர்ப்பு, பேர மறைச்சு கே.வி.ங்கிற எழுத்த மட்டும் போட்டிருக்கிற ஒரு தமிழரோட கேஸ். முதுகுலயும் கையிலயும் சூடு வச்ச தழும்பு. ஹோம் ஆபீஸ் (உள்துறை) தரப்பும் அப்பீல விசாரிச்ச டிரிபியூனலும் இது இவரே ஆள் வச்சு, மயக்க மருந்து குடுத்து போட்டுக்கிட்ட தழும்பா இருக்கலாமேங்கிற சந்தேகத்துக்கு வந்துட்டாங்க. ஏன்னா முதுகுத் தழும்போட ஓரம் ரொம்ப சுத்தமா இருக்கு, முழிப்போட இருக்கிறவன் துடிச்சிருப்பான், ஓரம் கலைஞ்சிருக்கும்னு லாஜிக். ஆனா அவர் மொதல்லருந்தே சொன்னது, கையில சூடு வச்சப்ப முழிச்சிருந்தேன், வலி தாங்காம மயங்கிட்டேன், முதுகுல வச்சது தெரியாதுன்னுதான். டாக்டர் கைத் தழும்புக்கும் முதுகுத் தழும்புக்கும் இருக்கிற வித்தியாசத்தப் பாத்து, இவர் சொல்ற கதையோட இது ஒத்துப் போகுதுன்னு எழுதினாரு. "டாக்டர் தழும்ப பத்தி மட்டும் சொல்லட்டும், கதைய பத்தி பேசக்கூடாது"ன்னு அப்பீல் கோர்ட் ஒதுக்கிடுச்சு. சுப்ரீம் கோர்ட்ல லார்ட் வில்சன், சித்திரவதைய ஆவணப்படுத்துறதுக்கு இருக்கிற இஸ்தான்புல் நெறிமுறைப்படி டாக்டர் அதையும் சொல்லலாம், சொல்லணும், அதோட யாரும் தானா ஆள் வச்சு இப்படி சுட்டுக்கிறது சாதாரணமா நடக்குற காரியம் இல்லங்கிறதயும் கணக்குல எடுக்கணும்னு எழுதினாரு. அதுவும் மறுபடி விசாரணைக்குத்தான் திரும்பிப் போச்சு. இப்போ எந்த மெடிக்கல் ரிப்போர்ட் போட்டாலும் இந்த தீர்ப்பு கூடவே போகும்.

இந்தியாவப் பத்தி கேக்காம விட்டீங்க, ஆனா தமிழ்ல இந்தக் கேள்விய கேட்டுட்டு மண்டபம் அகதி முகாமப் பத்திப் பேசாம போக முடியாது. 1951 அகதி ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்து போடல, அகதிக்குன்னு தனிச் சட்டமும் இல்ல. ரொம்ப காலம் 1946 வெளிநாட்டவர் சட்டம்தான், 2025 செப்டம்பர் 1லருந்து புது குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம். 2019 குடியுரிமைத் திருத்தத்துல இலங்கை வரல. அகதின்னே சட்டம் கூப்பிடாத எடத்துல வக்கீல் எதப் புடிச்சுத் தொங்குறது? மறுபடி தேதியத்தான். குடியுரிமைச் சட்டம் 3வது பிரிவுப்படி 1950 ஜனவரி 26லருந்து 1987 ஜூலை 1க்கு முன்னாடி வரைக்கும் இந்தியாவுல பொறந்தவங்க, அப்பா அம்மா யாரா இருந்தாலும், இந்தியக் குடிமக்கள். 1986ல மண்டபம் முகாம்ல பொறந்த ஒரு பொண்ணு, வளந்தது வாழ்றது எல்லாம் முகாம்லயே, பாஸ்போர்ட் கேட்டப்ப ஆபீஸ்ல முடியாதுன்னுட்டாங்க. 2022ல சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு நேரான கேள்வி கேட்டுச்சு: பொறந்த தேதி என்ன, எடம் எது? சர்ட்டிஃபிகேட் இருக்கு, சட்டம் இருக்கு, பாஸ்போர்ட்ட குடு. 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. ஒரு வருஷம் சொச்சம் கழிச்சு அதே முகாம்ல பொறந்த தம்பி தங்கச்சிக்கு இந்த வழி கெடையாது, அதான் இதுல இருக்கிற கொடுமை. அதே நாட்டுல 2025 மே மாசம் வேற ஒரு இலங்கைத் தமிழரோட மனுவுல, உலகத்துல இருக்கிற எல்லாரையும் வச்சுக்க இந்தியா என்ன தர்மசாலையான்னு சுப்ரீம் கோர்ட் கேட்டுச்சு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தாதான் இங்க இருக்கிற வக்கீல்கள் எந்த மாதிரி தரையில நிக்கிறாங்கன்னு புரியும்.

கன்சல்டன்ட் போதாதான்னு கேட்டீங்க. ஸ்டடி விசா, ஒர்க் பர்மிட், ஸ்பான்சர் ஃபார்ம் மாதிரி நேரான வேலைக்கு லைசென்ஸ் இருக்கிற கன்சல்டன்ட் போதும், நல்லாவே பண்றவங்க இருக்காங்க. ஆனா கனடாவுல ஃபெடரல் கோர்ட்ல கன்சல்டன்ட் நிக்க முடியாது, வக்கீல்தான். ரிஜெக்ட் ஆன பிறகும் கன்சல்டன்ட்டே "மறுபடி அப்ளை பண்ணலாம்"னு இழுத்துட்டே போனாருன்னா ஜாக்கிரதை, ஏன்னா கனடாவுக்கு உள்ள எடுத்த முடிவ எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக பொதுவா 15 நாள்தான், வெளிய உள்ள ஆபீஸ் எடுத்த முடிவுன்னா 60 நாள். பிரிட்டன்ல உள்ள இருந்து அப்பீல் போட 14 நாள், வெளிய இருந்துன்னா 28. அங்க பதிவு இல்லாம இமிக்ரேஷன் ஆலோசனை குடுக்குறதே கிரிமினல் குற்றம், ஆனாலும் கடைக்கு மேல ரூம் போட்டு உக்காந்திருக்கிற அண்ணமாருக்கு குறைச்சல் இல்ல. பதிவு நம்பர கேளுங்க, சம்பந்தப்பட்ட வெப்சைட்ல பேரப் போட்டுப் பாருங்க, "நம்ம ஊர்க்காரர்"ங்கிறது தகுதி இல்ல. அப்புறம் யாராச்சும் "இந்தக் கதைய சொல்லு, இதுக்கு கண்டிப்பா கெடைக்கும்"னு ரெடிமேட் கதை குடுத்தா எழுந்து வந்துடுங்க, அதே கதை அதே வார்த்தையில பத்து ஃபைல்ல இருக்கிறத போர்டு மெம்பர் ஏற்கனவே படிச்சிருப்பாரு, உங்களுக்கு நெஜமாவே நடந்ததும் அதோட சேந்து நாசமாப் போகும்.

வக்கீலப் பாக்கப் போறப்ப ரிஜெக்ட் லெட்டர் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. லெட்டர்ல பொதுவா ரெண்டு வரி டெம்ப்ளேட்தான் இருக்கும். ஆபீசர் சிஸ்டத்துல என்ன எழுதி வச்சாருங்கிற நோட்ஸ கேட்டு வாங்கலாம், கனடாவுல அதுக்கு தகவல் கேக்குற மனு இருக்கு, ஆனா நோட்ஸ் வரட்டும்னு 15 நாள கோட்டை விட்டுடாதீங்க, கேஸ் போட்டாச்சுன்னா காரணத்த கோர்ட் மூலமாவே கேட்டு வாங்க வழி இருக்கு. 1999ல பேக்கர்ங்கிற ஜமைக்கா பெண்மணி கனடா சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சதே இந்த நோட்ஸாலதான். வீட்டு வேலை செஞ்சு பல வருஷம் அங்க இருந்தவங்க, அங்க பொறந்த புள்ளைங்க நாலு. மனிதாபிமான அடிப்படையில போட்ட மனுவ காரணமே சொல்லாம ரிஜெக்ட் பண்ணாங்க. வக்கீல் கேட்டதும் ஆபீசரோட நோட்ஸ அப்படியே அனுப்பி வச்சுட்டாங்க. அதுல இந்தம்மாவுக்கு இங்க நாலு, அங்க நாலு புள்ளைங்கன்னு கொட்டை எழுத்துல, ஆயுசுக்கும் அரசாங்கத்துக்கு பாரம்னு எழுதியிருந்துச்சு. ஒருதலைப்பட்சம்னு வெளியில இருந்து பாக்குற யாருக்கும் தோணும், புள்ளைங்களோட நலனையும் ஒழுங்கா பாக்கலன்னு கோர்ட் முடிவ ரத்து பண்ணி வேற ஆபீசர்கிட்ட அனுப்புச்சு. அதனால லெட்டர் வந்த அன்னிக்கே தேதிய குறிச்சு வச்சுட்டு, கவரையும் தூக்கிப் போடாதீங்க, அதுல இருக்கிற தபால் முத்திரைதான் பல நேரம் எந்த நாள்லருந்து எண்ணணும்னு சண்டை போட ஒதவும். ஈமெயில்ல வந்திருந்தா அந்த மெயில டெலீட் பண்ணாம அப்படியே வக்கீலுக்கு ஃபார்வேர்ட் பண்ணுங்க, ஸ்கிரீன்ஷாட் வேணாம்.